மேளம் கொட்டிய பக்கம்

ஒரு இணையப் பக்கத்தைப் பார்க்க வருகிறவர்களை விரட்டிவிடும் தவறுகள் என்னென்ன, வரிசையாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அப்படி ஒரு வரிசை கையில் இருந்தால் வசதிதான். இணையத்திலேயே தேடினால் நூறு கிடைக்கும். கண்ணைக் குத்தும் நிறம், ஓடிக்கொண்டே இருக்கும் எழுத்து, எங்கே அழுத்துவது என்று தெரியாத பொத்தான். எல்லாம் உண்மைதான், எல்லாவற்றையும் நாங்களும் செய்திருக்கிறோம்.

நான் ஒரே ஒரு பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு வந்தவர்கள் ஏன் நிற்காமல் போனார்கள் என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. அது புரிந்த பிறகு வேறொன்று நடந்தது. அது எனக்கு இன்றுவரை சரியாகப் புரியவில்லை. உங்களில் யாருக்காவது புரிந்தால் சொல்லுங்கள்.

தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்யும் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, இவைதான் எங்கள் பிழைப்பு. பத்திரிகையில் மாமன் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மாறிப்போனால் போதும், மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே அந்த மாமன் வாசலில் நிற்பார். கத்துவார். கத்தினாலும் என்ன தவறு என்று நமக்குத் தெரிந்துவிடும். திருத்தி அடித்துக் கொடுத்துவிட்டால் காபி குடித்துவிட்டுப் போவார்.

பிற்பாடு முதலாளி மாடியில் ஒரு தடுப்பு போட்டு, இணையப் பக்கம் செய்யும் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். நானும், சென்னையில் அனிமேஷன் படித்துவிட்டு வந்த சேகரும்தான் அந்தப் பிரிவு. அங்கே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இந்த வேலையில் யாரும் வாசலில் வந்து கத்துவதில்லை. வருகிறவர் யாரென்று தெரியாது. எந்த இடத்தில் முகம் சுளித்தார் என்று தெரியாது. பேசாமல் வந்து பேசாமல் போய்விடுவார். நாம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் திண்டிவனத்திலிருந்து கமலவேணி அக்கா வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. நல்ல உயரம், கணீரென்ற குரல். கணவனை இழந்த பெண்களுக்கும், மணமுறிவு ஆனவர்களுக்கும் மறுமணம் செய்துவைக்க ஒரு தகவல் மையம் நடத்திக்கொண்டிருந்தார். அவரே சின்ன வயதில் கணவரை இழந்து, ஒரு பஸ் கண்டக்டரை மறுமணம் செய்துகொண்டவர். அதற்காகப் பிறந்த வீட்டில் அவரோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள்.

"என் மையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர மாடில இருக்குதும்மா," என்றார். "படி ஏறுற பொண்ண பஸ்ஸுக்கு நிக்கிற ஜனம் மொத்தமும் பாத்துக்கினு இருக்குது. பாதிப் படி ஏறிட்டு, தெரிஞ்ச மூஞ்சி எதனா கண்ணுல பட்டா, கீழ இருக்கற டெய்லர் கடைக்கு வந்த மாதிரி திரும்பிப் போயிடறாங்க. கம்ப்யூட்டர்ல போட்டா யாருக்கும் தெரியாம பாக்கலாமாமே? அத எனக்குப் பண்ணிக் குடுங்க."

இதைவிடத் தெளிவாக எந்த வாடிக்கையாளரும் தனக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் சொன்னதில்லை. யாருக்கும் தெரியாமல் பார்க்க ஒரு இடம். அவ்வளவுதான் கேட்டார். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தோம்.

சேகர் பல நாள் உட்கார்ந்து முகப்பைத் தயாரித்தான். பக்கத்தைத் திறந்தவுடன் திரை முழுவதும் கருஞ்சிவப்பாகும். இடப்பக்கத்திலிருந்து ஒரு மாலையும் வலப்பக்கத்திலிருந்து ஒரு மாலையும் மிதந்து வரும். நடுவில் இரண்டும் ஒன்றாகச் சேரும்போது மல்லிகை உதிரும். அந்த நேரம் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து கெட்டிமேளம் முழங்கும். முழங்கி முடித்த பிறகு 'மறுமணத் தகவல் மையம்' என்று தங்க நிறத்தில், திரையின் பாதி அகலத்துக்கு எழுத்து எழும். இதைத் தாண்டி உள்ளே போகவோ நடுவில் மூடவோ வழி கிடையாது, முழுவதும் பார்த்தாக வேண்டும்.

கமலவேணி அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். முதலாளி ஸ்பீக்கரின் சத்தத்தை ஏற்றி வைத்தார். மேளம் முழங்கியதும் அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி போடு தம்பி," என்றார். சேகர் போட்டான்.

"எனக்கு ரெண்டாவது கல்யாணம் மேளமே இல்லாம நடந்துச்சும்மா," என்று என்னிடம் சொன்னார். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போயி ஒரு கையெழுத்து. வெளிய வந்து ஒரு கலர் சோடா. அவ்ளோதான் கல்யாணம். இந்தப் பொண்ணுங்களுக்காவது மேளம் கொட்டட்டும்."

ஒரு வாடிக்கையாளர் நாம் செய்த வேலையைப் பார்த்து அழுதுவிட்டால் அப்புறம் என்ன யோசிப்போம்? யாருமே யோசிக்கவில்லை. பக்கத்தை இணையத்தில் ஏற்றினோம். திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி என்று போகிற பஸ்களிலெல்லாம் அக்கா முகவரி அச்சடித்த சிறிய ஸ்டிக்கரை ஒட்டவைத்தார்.

அந்தக் காலத்துப் பக்கங்களில் அடியில் ஒரு கவுண்டர் இருக்கும். எத்தனை முறை திறந்திருக்கிறார்கள் என்று காட்டும். முதல் வாரத்திலிருந்தே அது மளமளவென்று ஏறியது. மற்ற எங்கள் பக்கங்கள் எதற்கும் அப்படி ஏறியதில்லை. முதலாளி தினமும் வந்து அதைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். ஆனால் விவரம் அனுப்பும் படிவம் வழியாக எங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. ஒருவர்கூட எழுதவில்லை. அக்காவுக்குப் போனும் வரவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. யாருமே வரவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். இத்தனை பேர் வந்து, அத்தனை பேரும் வாயைத் திறக்காமல் போவதென்றால் என்ன அர்த்தம்?

முதலில் புதுச்சேரியிலிருந்து அக்காவின் தோழி ஒருவர் போன் செய்து, பக்கம் முழுவதும் கிறுக்கலாகத் தெரிகிறது என்றார். அப்போது தமிழ் எழுத்துரு நம் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் தமிழ் தெரியும். எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது, அதனால் எங்களுக்கு அழகாகத் தெரிந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கேள்விக்குறியும் வளைவும் நெளிவுமாகத் தெரிந்திருக்கிறது. கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளினேன். எழுத்துரு தானாக இறங்கும்படி மாற்றினோம். தோழி மறுபடி பார்த்துவிட்டு, நன்றாகத் தெரிகிறது என்றார்.

கவுண்டர் ஏறியது. கடிதம் வரவில்லை.

அடுத்தது படிவம். அப்பா பெயர், முழு முகவரி, சாதி, நட்சத்திரம், புகைப்படம் என்று எல்லாவற்றையும் கட்டாயம் என்று போட்டிருந்தோம். யாருக்குத்தான் தைரியம் வரும்? பெயரும், தொடர்புகொள்ள ஒரு வழியும் போதும், மற்றதை விருப்பமிருந்தால் எழுதலாம் என்று குறைத்தேன். அப்போதும் வரவில்லை. நிறம்தான் காரணம் என்றார் முதலாளி. இளநீலமாக்கினோம். அக்காவின் போன் எண் படத்துக்குள் மங்கலாக இருந்தது, அதை வெளியே எடுத்துப் போட்டோம். பக்கத்தின் அடியில் எங்கள் அலுவலகப் பெயரும் முகவரியும்தான் அதைவிடப் பளிச்சென்று இருந்தன. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு முறை ஒன்றைத் திருத்தும்போதும் இதுதான் என்று தோன்றும். மறுநாள் காலை கடிதப்பெட்டியைத் திறந்து பார்த்தால் காலியாக இருக்கும். ஒரு கட்டத்தில், படிவமே வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்பட்டு, எனக்கே ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்த்தேன். ஒழுங்காக வந்து சேர்ந்தது. சேகர் அதைப் படித்துவிட்டு, "அக்கா, மாப்ள எந்த ஊரு?" என்று கேலி செய்தான்.

கடைசியில், உட்கார்ந்து யோசிப்பதை விட்டுவிட்டு பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். அன்று பெரும்பாலான வீடுகளில் கம்ப்யூட்டர் கிடையாது. பார்ப்பதென்றால் பிரவுசிங் சென்டரில்தான் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு சென்டர். இடுப்பளவு பலகைத் தடுப்பு, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பீக்கர். கதவோரம் காலேஜ் பையன்கள் கூட்டமாக ஒரே கம்ப்யூட்டரை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூலையில் ஒன்றில் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தைத் திறக்கவில்லை. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க நினைத்தேன்.

சிறிது நேரத்தில் ஒரு பெண் வந்தாள். முப்பதுக்குள் இருக்கும். பள்ளி ஆசிரியை போலக் கைப்பை, மடித்த குடை. சென்டர்க்காரரிடம் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிவிட்டு எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தாள். திரும்பி ஒருமுறை எல்லோரையும் பார்த்தாள். பிறகு ஏதோ தட்டச்சு செய்தாள்.

கெட்டிமேளம் முழங்கியது.

அந்தச் சின்ன அறைக்குள் அது எப்படிக் கேட்டது என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் மாடியில் கேட்டபோது கண்ணீர் வரவழைத்த அதே மேளம்தான். இங்கே ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி இருந்தது. கதவோரப் பையன்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் மேசையில் தவில் வாசித்தான்.

அந்தப் பெண் எதை அழுத்துவது என்று தெரியாமல் எல்லாப் பொத்தானையும் அழுத்தினாள். முகப்பு முடியாமல் பக்கம் மூடாது, அப்படித்தானே செய்து வைத்திருந்தோம். மாலைகள் நிதானமாக மிதந்து வந்து சேர்ந்தன. தங்க எழுத்து எழுந்தது. 'மறுமணம்' என்பதை வாசலில் நின்றே படிக்கலாம். அவள் எழுந்து, குடையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். காணோம்.

திரும்பி வந்து குடையைக் கொடுத்ததும் சென்டர்க்காரர் எரிச்சலோடு சொன்னார். "பேஜாரு புடிச்ச சைட்டு மேடம் அது. இந்தப் பசங்க டெய்லி வந்து வேணும்னே அத்தப் போட்டு வுட்டுக்கினு கூத்தடிக்கிறானுங்க. ஒருத்தன் போட்டான்னா அடுத்தவன் போடறான். மேளம் சைட்டுன்னு பேரே வெச்சுட்டானுங்க."

கவுண்டர் ஏன் ஏறியது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் தினமும் பார்த்துச் சந்தோஷப்பட்ட எண் அந்தப் பையன்களின் கூத்து.

அங்கிருந்து நேராக அக்காவின் மாடிக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அக்கா "எந்த மாதிரிப் பொண்ணும்மா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"மேளத்த எடுத்துடு," என்றார். "எனக்கு வேணும்னு இருந்துச்சு. அதுங்களுக்கு வேணுமான்னு நான் கேக்கவே இல்லியே."

விழுப்புரம் திரும்பி சேகரிடம் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்தது. "மேளம் இல்லாம கல்யாண சைட்டாக்கா? சாவு வூட்டு சைட்டு மாதிரி இருக்கும்," என்றான். எத்தனை நாள் உழைப்பு. நான் வாதாடவில்லை. அந்தப் பெண் எந்தெந்தப் பொத்தானை அழுத்தினாள் என்பதை மட்டும் அவன் கம்ப்யூட்டரில் செய்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே எல்லாவற்றையும் கழற்றினான். மேளம் போயிற்று, மாலை போயிற்று. தங்க எழுத்து சாதாரணச் செய்தித்தாள் எழுத்தாயிற்று. திரையின் கீழ்ப் பட்டியில் 'மறுமணம்' என்று வந்த தலைப்பை வெறும் 'தகவல் மையம்' என்று மாற்றினான். மேல் மூலையில் ஒரு சின்ன இணைப்பு வைத்தான். அதை அழுத்தினால் பக்கம் மறைந்து சமையல் குறிப்பு ஒன்று வந்து நிற்கும். அதை நான் சொல்லவில்லை, அவன் யோசனைதான்.

அந்த வாரமே முதல் கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. பெயரில் முதல் எழுத்து மட்டும் போட்டு, தோழி வீட்டு எண் கொடுத்து, பயந்து பயந்து எழுதியிருந்தார்கள்.

இத்தோடு கதையை நிறுத்தினால் உங்களுக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும். பக்கத்தை நம் மேசையில் பார்க்காதே, பார்க்கிறவர் மேசையில் பார். பணம் கொடுக்கிறவரின் ஆசையும் பார்க்க வருகிறவரின் பயமும் ஒன்றாக இருக்காது. சரிதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் திருத்தம் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம். முதலாளி காகிதம் வாங்கப் புதுச்சேரி போயிருந்தார். நானும் சேகரும் மட்டும் இருந்தோம். இரண்டு ஆட்கள் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளை வேட்டி, வியர்வையில் நனைந்த சட்டை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மேளம் சைட்டு நீங்கதான போட்டுக்கினு கீறீங்க? அடியில உங்க அட்ரசு இருந்துது."

ஆமாம் என்றேன்.

"நான் கிளியனூரு. எங்க அண்ணன் போயி ரெண்டு வருசம் ஆவுது. எங்க அண்ணி திண்டிவனத்துல டீச்சர் வேலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருக்குது. பிரவுசிங் சென்டர்ல அந்த சைட்டப் பாத்துக்கினு இருந்துச்சுன்னு எங்க ஊர்ப் பையன் வந்து சொல்றான். ஊரே சிரிக்குது. அது பேரு உங்ககிட்ட இருக்குதா, பாத்து சொல்லுங்க." அண்ணியின் பெயரையும் சொன்னார். நான் இங்கே அவளைச் செல்வி என்று சொல்கிறேன், உண்மைப் பெயர் வேண்டாம்.

குடையை விட்டுவிட்டு ஓடிய பெண்தான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

சேகர் என் காதருகே குனிந்தான். "இல்லன்னு சொல்லிடுங்கக்கா. நெஜமாவே இல்லியே."

அவன் சொன்னது உண்மை. வந்திருந்த பெயர்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். செல்வி அதில் இல்லை. அவள் படிவம் வரை போகவே இல்லையே. 'இல்லை' என்று ஒரு வார்த்தை. பொய்கூட இல்லை. சொல்லியிருந்தால் அவர் வீட்டுக்குப் போய், பையன் ஏதோ உளறியிருக்கிறான் என்று விட்டிருக்கலாம்.

வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் இன்னொன்று தோன்றியது. இவருக்கு இன்று இல்லை என்று சொன்னால், நாளைக்கு வேறொருவர் வந்து வேறொரு பெயரைக் கேட்பார். அந்தப் பெயர் பெட்டியில் இருக்கும். அப்போது 'சொல்லமாட்டேன்' என்றால், இருக்கிறது என்றுதானே அர்த்தமாகும்? தோழி வீட்டு எண் கொடுத்து எழுதிய அந்தப் பெண்கள் என்ன ஆவார்கள்? எல்லோருக்கும் ஒரே பதிலாக இருந்தால்தான் அந்தப் பதில் யாரையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் என் எதிரில் எல்லோரும் நிற்கவில்லை. ஒரே ஒரு பெண்ணின் கொழுந்தன்தான் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு பேரு இருக்குது, யாரு பேரு இல்லன்னு நாங்க யாருக்கும் சொல்றது இல்லீங்க," என்றேன்.

"அண்ணிதாங்க கேக்கச் சொல்லி அனுப்பிச்சுது."

"அவங்களே வந்து கேட்டா சொல்றேங்க."

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். விசைப்பலகை எகிறி விழுந்தது. "அப்ப இருக்குது. இருக்கறதாலதான் சொல்ல மாட்டேங்கற." கூட வந்தவர் தோளைப் பிடித்து இழுத்தார். படியிறங்கும்போது, "புள்ளைய நாங்க வெச்சுக்கறோம், அது எங்க வேணா போவட்டும்," என்று அவர் சொல்வது மேலே வரை கேட்டது.

அவளுக்குக் குழந்தை இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சேகர் என்னைப் பார்த்தான். "இன்னாக்கா இப்பிடிப் பண்ணிட்டீங்க?" என்றான். நான் படி வரை ஓடினேன். கூப்பிட்டு இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இப்போது சொன்னால் நம்புவாரா? நம்பினால் நல்லதா? பாதிப் படியில் நின்றேன். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

கமலவேணி அக்காவுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சொல்லியிருப்பேனா? தெரியலியேம்மா. அந்தப் பொண்ணு இப்ப இன்னா பாடு படுதோ," என்றார். முதலாளி மாலையில் வந்தார். அவரிடமும் சொன்னேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, முதலில் சரி என்றார். பிறகு தப்பு என்றார். பிறகு பேச்சை மாற்றிவிட்டார். கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் இரண்டு பக்கமும் பேசினார்கள்.

அக்கா மறுநாளே செல்வி வேலை செய்யும் பள்ளியைக் கண்டுபிடித்துப் போனார். அவள் வேலைக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்து சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாளும் வரவில்லை. கிளியனூருக்கே போய்விடலாமா என்று அக்கா கேட்டார். நாம் போய் நின்றால் இன்னும் மோசமாகிவிடுமே என்றேன். போகாமலிருப்பதும் மோசமாகத்தான் இருந்தது. அந்த வாரம் முழுவதும் எந்தப் பக்கத்தைச் செய்தேன், எதைத் திருத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

பிறகு ஒருநாள் காலை அவளே வந்தாள். கையில் ஒரு துணிப்பை. சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் குழந்தை. கன்னத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரு கீறலைத் தவிர முகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"நீங்கதான் அன்னைக்கு எங்க வூட்டு ஆளுகிட்டப் பேசுனவங்களா?"

"ஆமாம்மா."

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னா மேடம்? நான் எழுதவே இல்லியே. எழுதலன்னு நானும் தலைல அடிச்சுக்கினு சொல்றேன், யாரு நம்பறாங்க? 'அந்தம்மா சொல்ல மாட்டேன்னுது, அப்ப இருக்குதுதான'ங்கறாங்க. ஒரு வாரம் வூட்ட வுட்டு வெளிய வுடல. புள்ளைய என்கிட்டப் படுக்க வுடல. இன்னைக்கு அவங்க அசந்த நேரம் பாத்துப் புள்ளையத் தூக்கிக்கினு வந்துட்டேன். ஒரு வார்த்தை, மேடம்."

நான் என் காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். மற்ற பெண்கள், நாளைக்கு வருகிறவர்கள் என்று. சொல்லச் சொல்ல அது எவ்வளவு சொத்தையாக இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். சேகர் குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

"அந்த சைட்டு எங்க இருக்குது?" என்றாள் செல்வி. திறந்து காட்டினேன். சத்தமில்லாமல் திறந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வராது என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதிட்டேன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. பேச்சு வாங்குனது வாங்குனதுதான். எழுதியே தொலைக்கறேன்," என்றாள். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். உதவி செய்யட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். குழந்தை பற்றிய இடத்தில் மட்டும் திரும்பி, "புள்ள என்கூடத்தான் இருக்கும்னு போடலாமா?" என்று கேட்டாள். போடலாம் என்றேன். அதை முதல் வரியாக ஏற்றிப் போட்டாள்.

அன்று சாயங்காலம் கமலவேணி அக்கா வந்து அவர்களைத் திண்டிவனத்துக்குத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார். குழந்தைக்காகக் கொழுந்தன் இரண்டு முறை ஆள் கூட்டி வந்து சத்தம் போட்டார். அக்காவின் கணவர், அந்தக் கண்டக்டர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். பிறகு செல்வியின் மாமியாரே வந்து, பேத்தியை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று பேசி முடித்தார். செல்வி மறுபடி பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். ஒரு வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை விக்கிரவாண்டியில் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறவர், மனைவியை இழந்தவர், அதே பக்கத்தில் எழுதியிருந்தவர். என்னைக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன். அவளை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியவில்லை.

நல்லபடியாகத்தானே முடிந்தது, அப்புறம் என்ன குழப்பம் என்று கேட்பீர்கள். முடிந்தது நல்லபடியாகத்தான். ஆனால் அவள் நல்லபடியாக வாழ்கிறாள் என்பதால் நான் சொன்னது சரியாகிவிடுமா? அந்தக் கொழுந்தன் இன்னும் கொஞ்சம் கோபக்காரராக இருந்திருந்தால்? அவளுக்குத் துணிச்சல் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால்? நான் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். அப்போது உங்கள் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு அந்தப் பக்கம் பல வருடம் நடந்தது. பெயர் கேட்டு இன்னும் சிலர் வந்தார்கள். அதே பதிலைத்தான் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் படி வரை போய்ப் பார்த்தேன். ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். படிவத்துக்கு மேலேயே, 'உங்கள் பெயர் எங்களிடம் இருக்கிறதா இல்லையா என்று யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம். அதனால் உங்களுக்குச் சங்கடம் வரலாம். யோசித்து எழுதுங்கள்' என்று போட்டோம். பயமுறுத்தினால் ஒருவரும் எழுத மாட்டார்கள் என்றார் முதலாளி. படித்துவிட்டு எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. பார்க்க வருகிறவர்களை விரட்டாதே என்றுதான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்த வரி சிலரை விரட்டியிருக்கும். அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு சென்னையிலிருந்து திரும்பும்போது விக்கிரவாண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பஸ் நின்றது. கல்லாவுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கக் காத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். செல்வி. கொஞ்சம் பருத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். அவளுக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு மகள் நர்சிங் படிப்பதைச் சொன்னாள், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வந்ததைச் சொன்னாள். நான் கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் இல்லன்னு சொல்லியிருக்கணுமா, செல்வி?"

அவள் சிரிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

"சொல்லியிருந்தீங்கன்னா நான் இன்னும் கிளியனூர்லயே கெடந்திருப்பேன் மேடம். நெஜந்தான். அதுக்காவ நீங்க பண்ணது சரின்னு என் வாயால சொல்ல மாட்டேன். அந்த ஒரு வாரம் எம் புள்ள அடுத்த ரூம்ல அழுதுக்கினு இருந்துச்சு. கதவ வெளிய பூட்டி வெச்சிருந்தாங்க."

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் தன் பொட்டலங்களில் ஒன்றை என் பையில் திணித்து, "சூடு ஆறுறதுக்குள்ள சாப்புடுங்க," என்றாள். விழுப்புரம் வரும்வரை அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.